டெஸ்டிங் ரெக்கார்டு

மைக் செட் தொழிலில் இருந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள், முதல் பாட்டுதான் பெரிய தலைவலி. மரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி, ஒயரை இழுத்து, ஆம்ப்ளிஃபையரைப் போட்டதும் சத்தம் ஒழுங்காக வருகிறதா என்று பார்க்க எதையாவது பாட விட்டாக வேண்டும். பிள்ளையார் பாட்டைப் போடலாம் என்றால் அதைப் பாதியில் நிறுத்தக் கூடாது. கல்யாண வீட்டில் பிள்ளையாரைப் பாதியில் நிறுத்திப் பாருங்கள், பெண் வீட்டுக் கிழவிகள் அன்று முழுக்க உங்களுக்குச் சோறு போட மாட்டார்கள். சினிமாப் பாட்டு இன்னும் மோசம். எந்த நடிகர் பாட்டை நிறுத்தினோமோ அந்த நடிகரின் ரசிகர்கள் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வருவார்கள். மாகறலில் ஒரு காதுகுத்து வீட்டில் அப்படி வந்தவர்கள் என் ஒயரைப் பிடுங்கிக் கிணற்றில் போட்டார்கள். அன்றைக்குத்தான் முடிவு செய்தேன், டெஸ்டிங் செய்வதற்கென்றே யாருக்கும் வேண்டாத ஒரு ரெக்கார்டு வைத்துக்கொள்ள வேண்டும் என்று.

அப்படி ஒன்று என்னிடம் ஏற்கெனவே இருந்தது. மெட்ராஸ் மூர் மார்க்கெட்டில் பழைய ரெக்கார்டுகளைச் சணல் கயிற்றில் கட்டிக் கட்டாகத்தான் விற்பார்கள். அவிழ்த்துப் பார்க்க விடமாட்டார்கள். வீட்டுக்கு வந்து அவிழ்த்தால் நல்லதும் இருக்கும், கண்றாவியும் இருக்கும். அந்த மாதிரி ஒரு கட்டில் உறை இல்லாமல் வந்து சேர்ந்தது சின்ன அளவு இங்கிலீஷ் ரெக்கார்டு. மஞ்சள் லேபிள். ஒருவன் ஒன் டூ த்ரீ ஃபோர் என்று கத்துவான், உடனே டிரம்மும் கிடாரும் ஒரேயடியாக விழும், பிறகு நாலைந்து பேர் சண்டை போடுவதுபோல் கத்துவார்கள். ஒரு டீ ஆறுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். இதில் இன்னொன்று, பாட்டு முழுக்க ஓர் ஆட்டம் இருக்கும். கத்துகிறவன் குரல் மேலே போய்க் கீழே வந்து, மேலே போய்க் கீழே வந்து, ஊஞ்சலில் உட்கார்ந்து கத்துகிற மாதிரி கேட்கும். வெள்ளைக்காரன் பாட்டு அப்படித்தான் இருக்கும்போல என்று விட்டுவிட்டேன்.

எங்கள் கடை உத்திரமேரூர் கடைத்தெருவில், வீட்டின் முன்னறையில் இருந்தது. எழுபதுகளின் கடைசி. கரண்ட் இல்லாத ஊருக்குப் பேட்டரியோடு மாட்டு வண்டியில் போவோம். அந்த ரெக்கார்டு கேட்டதும் சுற்றுப்பட்டு ஜனங்களுக்குச் செட்டு வந்துவிட்டது என்று அர்த்தம். பெண்கள் அடுப்பை அணைத்துவிட்டுப் புடவை மாற்றப் போவார்கள். அதை நிறுத்தினால் யாரும் திட்டவில்லை. இன்னும் கொஞ்சம் ஓடவிடு என்றும் ஒருவரும் கேட்டதில்லை. தொழிலுக்கு அதைவிட நல்ல ரெக்கார்டு கிடையாது.

அக்காவைப் பற்றிச் சொல்லாமல் இந்த ரெக்கார்டைப் பற்றிச் சொல்ல முடியாது. எனக்கு நேர் மூத்தவள். திருமுக்கூடலில் கட்டிக் கொடுத்திருந்தோம். மாமா ஆற்றோரம் பயிர் வைக்கிறவர், அதிர்ந்து பேசாத மனிதர். அவர்களுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்து, சுவரைப் பிடித்து நிற்கிற வயதில் காய்ச்சலில் போய்விட்டது. அந்த வீட்டுச் சுவரைப் பார்க்க முடியவில்லை என்று அக்கா சொன்னாளாம். மாமாவே கூட்டிக்கொண்டு வந்து எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவள் ஒரு வாக்கியம்கூடப் பேசவில்லை. பின்னறையில் பாயில் உட்கார்ந்திருப்பாள். சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவாள், குளிக்கச் சொன்னால் குளிப்பாள். வாயைத் திறக்க மாட்டாள்.

வீடே அடங்கிப் போனது. வருகிறவர்கள் செருப்பைத் தெருவிலேயே கழற்றிவிட்டு, அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்து, தொண்டைக்குள் பேசுவார்கள். அம்மா பாத்திரத்தை வைக்கும்போதுகூடச் சத்தம் வராமல் வைப்பாள். நைனா சுபாவத்தில் எருமைக் கடாவை மேய்க்கிற குரல் உள்ளவர், அவரும் வாசலில் வந்ததும் குரலை இறக்கிவிடுவார். நான் கடையில் செட்டை ஓட்டிப் பார்ப்பதையே நிறுத்திவிட்டேன். டெஸ்டிங் எல்லாம் போகிற ஊரில்தான். அவள் இனிமேல் பேசுவாளா, திரும்ப மனுஷியாக எழுந்து வருவாளா என்பதுதான் அந்த வீட்டில் எல்லாருக்கும் இருந்த ஒரே கேள்வி. அதை யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

ஒருநாள் ரிப்பேருக்குக் கொடுத்திருந்த ஆம்ப்ளிஃபையர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தது. சாயங்காலம் ஒரு கல்யாணம். பார்க்காமல் எடுத்துக்கொண்டு போனால் மானம் போகும். அம்மா மாவு மில்லுக்குப் போயிருந்தாள். சத்தத்தை ரொம்பக் குறைத்து வைத்துப் பார்க்கலாம் என்று டெஸ்டிங் ரெக்கார்டைப் போட்டேன். ரிப்பேர்காரர் உள்ளே என்ன மாற்றி மாட்டினாரோ, திருகைக் குறைக்கிற பக்கம் திருப்பினால் சத்தம் ஏறியது. ஒன் டூ த்ரீ ஃபோர் என்று முன்னறையே இடிந்து விழுகிற மாதிரி வந்தது. பிளக்கைப் பிடுங்க ஓடினால், நடுக்கதவில் அக்கா நின்றுகொண்டிருந்தாள்.

"இன்னாடா இவன், குடிச்சிட்டு பாடுறானா?" என்றாள்.

அத்தனை மாதம் கழித்து வந்த குரல் கரகரவென்று இருந்தது. சொல்லிவிட்டுச் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். நான் பிளக்கைப் பிடுங்கவில்லை. அம்மா தெருவிலிருந்து என்னவோ ஏதோ என்று மாவுத் தூக்கோடு ஓடி வந்து, அவளைப் பார்த்துவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்து அழுதாள். பாட்டு முடிந்து ரெக்கார்டு சும்மா சுற்றிக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து அவள் முன்னறைக்கு வர ஆரம்பித்தாள். பேச்சு ஒன்றும் பெரிதாக இல்லை. ரெக்கார்டுகளைத் துடைத்து வைப்பாள். பழைய வேட்டியைக் கிழித்து ஒவ்வொன்றுக்கும் உறை தைத்தாள். இங்கிலீஷ் ரெக்கார்டுக்குக் குடிகாரன் என்று பெயர் வைத்தாள். மத்தியானம் கடையில் ஆள் இல்லாதபோது அவளே குடிகாரனை எடுத்துப் போட்டு, கன்னத்தில் கை வைத்து, ரெக்கார்டு சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருப்பாள். மாமா ஆற்று மணலில் விளைந்த வெள்ளரிப் பிஞ்சைத் துண்டில் கட்டிக்கொண்டு வந்து கடையில் உட்காருவார். "எப்டி கீறா?" என்று என்னைத்தான் கேட்பார். அவள் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். அவரும் வா என்று கூப்பிடவில்லை, வற்புறுத்தவில்லை. அந்தப் பொறுமை எனக்கெல்லாம் ஜென்மத்துக்கும் வராது.

குடிகாரன் ராஜகுளத்தில் போய்ச் சேர்ந்தான். ஒரு புது வீடு புகுகிற விசேஷம். பந்தலுக்குள் நிழலில்தான் எல்லாவற்றையும் அடுக்கியிருந்தேன். நான் குழாயைத் திருப்பி வைக்க மரத்தில் ஏறியிருந்தேன். மேலத் தெருவுக்குத் திருப்பினால் கீழத் தெருக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள், கீழத் தெருவுக்குத் திருப்பினால் மேலத் தெரு, எல்லா ஊரிலும் இதே பேஜார். நான் மரத்தில் பஞ்சாயத்து பண்ணிக்கொண்டிருந்த நேரத்தில் சமையல்காரர்கள் அடுப்புக்கு மறைப்பு வேண்டும் என்று பந்தலிலிருந்து நாலு கீற்றை உருவிக்கொண்டு போயிருக்கிறார்கள். சித்திரை வெயில் நேராக ரெக்கார்டு மேல் இறங்கியது. மேலாக இருந்தது டெஸ்டிங் ரெக்கார்டு. இறங்கி வந்து பார்த்தால் பொரித்த அப்பளம் மாதிரி சுருண்டு கிடந்தது. அதன் கீழே இருந்த பிள்ளையாருக்கு ஒன்றும் ஆகவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டு கண்ணாடிக்கு நடுவில் வைத்து, மேலே அம்மிக் குழவியை ஏற்றி, என்னென்னவோ செய்தேன். தட்டையாக ஆனது, பாட்டுதான் அழிந்துவிட்டது. அக்கா வாங்கிப் பார்த்தாள். "போனா போவுது வுடு," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். மறுநாள் அவள் முன்னறைக்கு வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. பாயில் உட்கார்ந்திருந்தாள்.

அம்மா என்னைப் பார்க்க, நான் அம்மாவைப் பார்க்க, பழையபடி வீடு அடங்கத் தொடங்கியது. அந்த ரெக்கார்டைத் திரும்பக் கொண்டுவந்தால் ஒழிய இவள் எழுந்து வரமாட்டாள் என்று நான் முடிவு கட்டினேன். உருகிப்போன ரெக்கார்டின் லேபிளை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மெட்ராஸ் பஸ் ஏறினேன்.

மூர் மார்க்கெட்டில் ரெக்கார்டு விற்கிற பாயிடம் லேபிளைக் காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிப் பார்த்துவிட்டு, "கப்பல்காரங்க கொண்ணாந்து போடுற சரக்குப்பா இது. வந்தா வரும், இல்லாட்டி இல்ல," என்றார். ஆனால் வந்தது. கொஞ்ச நாளில் அவரே ஒன்றை எடுத்து வைத்திருந்தார். அதே பாட்டு, லேபிள் மட்டும் வெள்ளை. நம் நாட்டிலேயே அடித்தது, தடித்த ரெக்கார்டு. ஓடோடி வந்து வீட்டில் போட்டேன். அக்காவை வந்து உட்காரச் சொன்னேன். ஒன் டூ த்ரீ ஃபோர் வந்தது. டிரம் வந்தது. கத்தலும் வந்தது. ஆட்டம் மட்டும் இல்லை. பாடுகிறவன் ஸ்கூல் பிள்ளை ஒப்பிப்பதுபோல் நேராக நின்று கத்தினான்.

"நல்லாத்தான் கீது," என்றாள் அக்கா, வீட்டுக்கு வந்தவர்களிடம் சொல்வதுபோல.

அடுத்தது நடுவில் பெரிய ஓட்டை போட்டது. ஹோட்டலில் காசு போட்டால் பாடுகிற பெட்டி இருக்கிறதே, அதற்காக அடித்ததாம். நடுவில் வைக்கப் பிளாஸ்டிக் வில்லை ஒன்று தனியாகத் தேட வேண்டியிருந்தது. அதிலும் ஆட்டம் இல்லை. பிறகு கண்ணாடி வளையல் மாதிரி வெளிச்சம் ஊடுருவுகிற சிவப்பில் ஒன்று. அதிலும் இல்லை. பாட்டு முடிந்து லேபிள் தொடங்குவதற்குள் வெறும் வளையமாக ஓர் இடம் இருக்கும், அங்கே ஊசியால் கீறியதுபோல் ஏதோ எண் இருக்கும், ஒவ்வொன்றிலும் அது வேறு வேறாக இருக்கிறது என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

அதன் விவரத்தைச் சொன்னவன் காஞ்சிபுரத்து ஜவுளிக் கடைக்காரர் ஒருவரின் மகன். மெட்ராஸில் காலேஜில் படித்துக்கொண்டிருந்தான். அவர்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்குச் செட்டு கட்டப் போனபோது வெள்ளை லேபிள் ரெக்கார்டைப் போட்டு டெஸ்டிங் பண்ணினேன். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்தலைத் தாண்டி ஓடி வந்தான். "அண்ணா, இத எங்கண்ணா புடிச்சீங்க?" என்றான். அந்த மாதிரி பாட்டுக்குப் பங்க் என்று பெயராம். பாடத் தெரியாதவர்கள் பாடுவதுதான் அதன் விசேஷமாம். நான் ஆட்டத்தைப் பற்றிச் சொன்னேன். அவன் கண் விரிந்துவிட்டது. ஒரே பாட்டை ஊர் ஊராக, தடவை தடவையாக அடிப்பார்கள், முதலில் அடித்தது கொஞ்சம்தான், அதில் அவர்கள் வேறு மாதிரி பாடியிருக்கலாம், பிற்பாடு அதை மாற்றியிருக்கலாம் என்றான். "உங்ககிட்ட இருந்தது முதல் அச்சுண்ணா. வெயில்ல வெச்சிட்டீங்களே," என்று பாதி பந்தியில் சாப்பாட்டை விட்டுவிட்டு வந்து மறுபடியும் சொன்னான்.

அவன் சொன்னதை நான் முழுதாக நம்பினேன். முள் பொருத்திய கை லேசாக ஆடுவது என் பிளேயருக்கு வழக்கம். லாரியிலும் வண்டியிலும் ஏறி இறங்கிய பிளேயர் அது, எந்த ரெக்கார்டுக்கும் அந்தக் கை கொஞ்சம் நடுங்கத்தான் செய்யும். அதனால் நான் கையைப் பார்த்ததே இல்லை, காதால்தான் தேடினேன். அந்த முதல் அச்சைக் கண்டுபிடித்தே தீருவது என்று வெறி பிடித்தது. அக்காவுக்காகத் தொடங்கியது எப்போது எனக்கானதாக மாறியது என்று சொல்லத் தெரியவில்லை. லேபிளின் மஞ்சளில் எத்தனை மஞ்சள் இருக்கிறது, எழுத்து எங்கே தடித்திருக்கிறது, விளிம்பு கூராக இருக்கிறதா மழுங்கி இருக்கிறதா என்றெல்லாம் பார்க்கிற ஆளாகிவிட்டேன். ராயபுரம், பர்மா பஜார் என்று எங்கே கப்பல்காரர்கள் வருவார்களோ அங்கே எல்லாம் போய் நின்றேன்.

வந்ததும் அக்காவைக் கூப்பிடுவேன். அவள் வந்து உட்காருவாள். இந்த எண்ணைப் பார், இது அந்த எண் இல்லை, இது ஜெர்மனியில் அடித்தது, இதில் கிடார் கொஞ்சம் முன்னால் கேட்கிறது பார் என்று மூச்சுவிடாமல் பேசுவேன். அவளும் கேள்வி கேட்பாள். பாட்டு ஒன்றுதானே, எதற்கு இத்தனை தடவை அடித்தார்கள் என்பாள். அந்த ஊரிலும் மைக் செட் உண்டா என்பாள். ஒருமுறை அவள் ரெக்கார்டின் நடுவில் கட்டை விரலை வைத்து எடுக்க, எனக்கு வந்ததே கோபம். "எத்தினி வாட்டி சொல்றது? ஓரத்த புடி. மேல வெரல வெக்காத," என்று கத்திவிட்டேன்.

அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். "அவளப் போயி திட்றியேடா, உனுக்கு மனசே இல்லியா?" என்றாள்.

"நீ வுடும்மா," என்றாள் அக்கா. "அவனுக்கு ரெக்கார்டுதான் பெருசு." சொல்லிவிட்டு ஓரத்தைப் பிடித்து எடுத்து வைத்தாள்.

கடைசியாகக் கிடைத்ததுதான் மேலானது. ராயபுரத்தில் ஒரு கப்பல் சமையல்காரரிடமிருந்து வாங்கினேன். லண்டனில் அடித்தது, படம் போட்ட உறையோடு. செங்கல் சுவரோரம் நாலு பையன்கள் முறைத்துக்கொண்டு நிற்பார்கள். கிழிந்த சட்டை முழுக்க ஊக்கு குத்தியிருக்கும், ஒருவனுக்கு மூக்கிலேயே ஊக்கு. அக்கா அந்த உறையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "வளையல்ல மாட்டி வெக்கறத மூக்குல மாட்டிக்கினு கீறான் பாரு. பட்டன் தெச்சி குடுக்க வூட்ல ஆளு இல்ல போல," என்றாள். அவர்கள்மேல் அவளுக்கு உண்மையாகவே பாவமாக இருந்தது. ரெக்கார்டைப் போட்டோம். நேராக நின்று கத்தினார்கள்.

காலேஜ் பையன் வந்து எண்ணைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். இது இரண்டாவது அச்சு, முதலாவது பம்பாயில் ஒருவரிடம் இருக்கிறதாகக் கேள்வி என்றான். நான் பம்பாய் போவதாக அறிவித்தேன். இந்தி ஒரு வார்த்தை தெரியாது. நைனா, "ரெக்கார்டு வாங்க ரயிலேறி பம்பாய் போறானாம், இவனுக்கு மொதல்ல மந்திரிக்கணும்," என்று தெருவுக்கே கேட்கச் சொன்னார். அவருக்குப் பழைய குரல் திரும்பியிருந்ததை அன்று நான் கவனிக்கவில்லை. அம்மா அழுதாள். நான் யார் பேச்சையும் கேட்கவில்லை. அக்கா பேசாமல் ஆகிவிடுவாள் என்ற பயம் எனக்கு, வேறு யாருக்கும் அந்தப் பயம் இல்லையே என்ற கோபமும் இருந்தது.

கிளம்புகிற அன்று காலையில் முடி வெட்டிக்கொண்டு வந்தேன். பை தயாராக இருந்தது. அக்கா முன்னறையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் கரி மாதிரி கறுப்புத் தூள். பக்கத்து சைக்கிள் கடையிலிருந்து வாங்கிவந்த எலிவால் அரம் கையில். இன்னொரு கையில் லண்டன் ரெக்கார்டு. நடு ஓட்டையை ஒரு பக்கமாக அராவிக்கொண்டிருந்தாள். ஓட்டை முட்டை வடிவத்தில் இழுத்துக்கொண்டு போயிருந்தது.

அவளை அடித்திருப்பேன், சத்தியமாக. கையை ஓங்கியும்விட்டேன். என்ன சொல்லித் திட்டினேன் என்று இங்கே எழுத முடியாது. அவள் தூளை ஊதிவிட்டு எழுந்து போய் ரெக்கார்டைப் பிளேயரில் வைத்தாள். ஒரு பக்கமாகத் தள்ளி, ஓட்டையில் மிஞ்சிய இடைவெளியில் ஒடித்த தீக்குச்சியைச் செருகினாள். ஓரத்தைப் பிடித்துத்தான் வைத்தாள்.

"கைய பாரு," என்றாள்.

பார்த்தேன். ரெக்கார்டு சுற்றச் சுற்ற முள் பொருத்திய கை உள்ளே போய் வெளியே வந்தது, உள்ளே போய் வெளியே வந்தது. ஒன் டூ த்ரீ ஃபோர். குரல் ஏறியது, இறங்கியது. ஆட்டம் அப்படியே இல்லை, முன்னைவிடக் கொஞ்சம் அதிகம். அக்கா காது கொடுத்துக் கேட்டாள்.

"இவன் வேற கடையில குடிச்சிட்டு வந்துக்கீறான்," என்று சொல்லிச் சிரித்தாள்.

முதல் அச்சும் இல்லை, வேறு மாதிரி பாடியதும் இல்லை. எங்கோ ஒருவன் அவசரத்தில் ஓட்டையைத் தள்ளிப் போட்ட ரெக்கார்டு எனக்கு வந்து சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

"உனக்கு எப்டிக்கா தெரியும்?" என்றேன்.

"சுத்தும்போது லேபிளு நொண்டும்டா. தெனம் அத்தயே பாத்துக்கினு இருந்தேனே."

"அப்பவே சொல்றதுக்கு இன்னா? நான் நாய் மாதிரி அலஞ்சேனே."

அவள் மடியில் ஒட்டியிருந்த தூளைத் தட்டினாள்.

"கொயந்த போனப்பறம் எல்லாரும் என் மூஞ்சிய பாத்து பாத்து பேசுனீங்க. மெதுவா, கோயில்ல பேசற மாதிரி. பேசப் பேச எனுக்கு வாய் அடச்சிக்கினு போச்சி. அந்தக் குடிகாரன் ஒருத்தன்தான் எம் மூஞ்சிய பாக்காம கத்துனான். அப்பால நீ ரெக்கார்டு ரெக்கார்டுன்னு கத்துன. மேல வெரல வெக்காதன்னு திட்டுன பாரு, அன்னிக்கி எனுக்கு மூச்சு வந்துச்சி. ஓட்டையதான் தப்பா போட்டுக்கீறான்னு சொன்னா நீ தேடறத வுட்டுடுவ. மறுபடியும் எம் மூஞ்சிய பாக்க ஆரம்பிச்சிடுவ."

நான் வேறு பக்கம் பார்த்தேன். பார்க்காமல் இருப்பது கஷ்டமாக இருந்தது.

"இப்ப மட்டும் இன்னாத்துக்கு சொன்ன?" என்றேன்.

"பம்பாய் ரொம்ப தூரம்டா," என்றாள்.

ரெக்கார்டு உருகிய மறுநாள் ஏன் முன்னறைக்கு வரவில்லை என்று பிறகு ஒருநாள் கேட்டேன். குழந்தை பிறந்த நாள் அது என்றாள். அந்த வாரம் யார் முகத்தையும் பார்க்கத் தோன்றவில்லை, ரெக்கார்டுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நாங்கள் யாரும் அந்த நாளை நினைவு வைத்திருக்கவில்லை. அவள் முகத்தை அத்தனை பார்த்தும் அது எங்களுக்குத் தெரியவில்லை.

மாமா அடுத்த முறை வெள்ளரிப் பிஞ்சோடு வந்தபோது அக்கா தண்ணீரைக் கொடுத்துவிட்டு உள்ளே போகாமல் நின்றாள். "செவுத்துக்கு சுண்ணாம்பு அடிச்சியா?" என்று கேட்டாள். அவர் இல்லை என்றார். "போயி அடிக்கலாம்," என்றாள். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தவர் அதை வெகுநேரம் முகத்திலிருந்து எடுக்கவில்லை. குடிகாரனை எடுத்துக்கொண்டு போகிறாயா என்று அவளைக் கேட்டேன். "எனுக்கு எதுக்கு? அது ஒரு பாட்டா?" என்றாள்.

லண்டன் ரெக்கார்டைப் பார்த்த காலேஜ் பையன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். இனி அது எந்தச் சேகரிப்பாளனுக்கும் உதவாது என்றான். மற்ற அச்சுகள் அக்கா தைத்த வேட்டித் துணி உறைகளோடு இன்றும் என்னிடம் இருக்கின்றன. சிவப்பு, வெள்ளை, பெரிய ஓட்டை, ஜெர்மனி. அவற்றை நான் ஓட்டுவதில்லை. டெஸ்டிங்குக்கு அராவிய ஓட்டையும் தீக்குச்சியுமாக லண்டன் ரெக்கார்டுதான் போகும். கேசட் வந்து, எல்லாரும் கேசட்டுக்கு மாறியபோதும், செட்டு வந்தது என்று தெரிய ஜனங்களுக்கு அந்தக் குடிகாரன் கேட்டாக வேண்டியிருந்தது.

சில வருஷம் கழித்து, திருமுக்கூடலில் அக்காவின் பெண் குழந்தைக்குக் காதுகுத்து. செட்டு என்னுடையதுதான், தாய்மாமனும் நான்தான். காலையில் கரையோரப் புளியமரத்தில் குழாயைக் கட்டிவிட்டு இறங்கி வந்தேன். வீட்டுச் சுவர் வெள்ளையாக இருந்தது. இடுப்பு உயரத்தில் அக்கா மகளின் சின்னக் கையின் அழுக்குத் தடம் வரிசையாக ஒட்டியிருந்தது, அதன்மேல் யாரும் சுண்ணாம்பு பூசவில்லை. பந்தலில் உட்கார்ந்து லண்டன் ரெக்கார்டை வைத்து, தீக்குச்சியைச் செருகி, முள்ளை இறக்கினேன். ஒன் டூ த்ரீ ஃபோர் ஆற்றைத் தாண்டிப் போனது.

உள்ளேயிருந்து அக்கா வேகமாக வந்து வாசலில் நின்றாள். கையெல்லாம் மாவு. முகத்தில் அப்படி ஒரு கடுகடுப்பு.

"டேய், அந்தக் குடிகாரன நிறுத்து," என்றாள். "கொயந்த தூங்குது."

டெஸ்டிங் ரெக்கார்டைப் பாதியில் நிறுத்தினால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். நிறுத்தினேன்.